கைபேசிக்கு முன்னால் யார் உட்கார வேண்டும்?

கண்ணாடி முன் நின்று, குரல் எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைத்து ‘அம்மா’ என்று சொல்லிப் பாருங்கள். பிறகு ‘அப்பா’. இரண்டு முறையும் உதடு ஒரே மாதிரி மூடித் திறக்கும். மகரத்துக்கும் பகரத்துக்கும் இதழ்தான் பிறப்பிடம். காற்று மூக்கு வழியாகப் போனதா இல்லையா என்பது பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. ககரம் வாய்க்கு உள்ளேயே முடிந்துவிடுகிறது. லகர, ளகர, ழகரங்கள் பல்லுக்குப் பின்னால் நாக்கு செய்யும் வேலை. காது கேளாத பிள்ளை உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்ளும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் ஆறுதலில் பாதி உண்மைகூட இல்லை. மொழி ஏற்கெனவே தெரிந்த ஒருவர், விட்டுப்போன ஒலிகளைத் தம் அறிவால் இட்டு நிரப்பிக்கொள்ளலாம். மொழியே இன்னும் வந்து சேராத இரண்டு வயதுக் குழந்தை எதைக் கொண்டு நிரப்பும்?

அந்தக் குழந்தையின் வீடு ஆண்டிமடம் பக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரியலூர் மாவட்டத்தின் வடகிழக்கில், ஜெயங்கொண்டத்துக்கும் விருத்தாசலத்துக்கும் இடையே, முந்திரிக் காடுகள் சூழ்ந்த ஒன்றியம். அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல்தான் திறக்கப்பட்டது. ‘பெரா’ என்னும் கேட்புப் பரிசோதனை, காது மெஷின், பேச்சுப் பயிற்சி என்று எதுவானாலும் திருச்சி, தஞ்சாவூர், புதுச்சேரி ஜிப்மர் என்று பஸ் ஏறியே இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பழக்கம். போய்வர ஒரு முழு நாள் ஆகும். கூலிக்குப் போகிறவர்களுக்கு அன்றைய கூலியும் போச்சு. இதற்கு மாற்றாகத்தான் இணையத்தைக் காட்டுகிறார்கள். பாடம் இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, சைகை அகராதி இருக்கிறது. உண்மைதான், இருக்கின்றன. அவற்றில் எது இந்த வீட்டுத் திண்ணைவரை வந்து சேர்கிறது, எது வழியிலேயே நின்றுவிடுகிறது என்பதுதான் கேள்வி.

காலத்திலிருந்து தொடங்க வேண்டும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கிறிஸ்டின் யோஷினாகா-இட்டானோவும் குழுவினரும் 150 குழந்தைகளை ஆராய்ந்து 1998-இல் வெளியிட்ட முடிவு இந்தத் துறையின் போக்கையே மாற்றியது. ஆறு மாதத்துக்குள் கேட்புக்குறை கண்டறியப்பட்டு உதவியும் தொடங்கிய குழந்தைகள், அதற்குப் பிறகு கண்டறியப்பட்டவர்களைவிட மொழியில் தெளிவாக முன்னே இருந்தார்கள். பிறந்த ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் உதவி என்ற கணக்கு இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. நம் பக்கத்தில் என்ன நடக்கிறது? ‘அவங்க அப்பனும் லேட்டாத்தான் பேசினான்’ என்று ஒரு வருடம் போகிறது. நாக்கில் வசம்பு தடவி ஒரு வருடம். தட்டைத் தட்டினால் திரும்புகிறானே என்று இன்னொரு வருடம். தட்டின் அதிர்வுக்கும் அசையும் நிழலுக்கும் திரும்புகிற குழந்தை காது கேட்டுத்தான் திரும்பியது என்று நினைப்பது இயல்பு. யாரையும் குறை சொல்ல முடியாது. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் பிறவிச் செவிட்டுத்தன்மையும் ஒரு இனம். மருத்துவக் குழு வண்டி அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வர வேண்டும். ஆனால் அங்கன்வாடிக்குப் போகும் வயதில் பிடிபட்டால் அந்த ஆறு மாதக் கணக்கு எப்போதோ தாண்டிப்போயிருக்கும்.

சொந்தத்தில் கட்டியதால் வந்த வினை என்ற பேச்சும் உடனே கிளம்பும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 28 விழுக்காடு திருமணங்கள் உறவுக்குள் நடந்தவை. மரபுவழிக் கேட்புக்குறைக்கு இது ஒரு காரணம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் உறவுத் திருமணத்தில் பிறந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நன்றாகக் கேட்கிறது. அந்நியத்தில் கட்டியவர்களுக்கும் காது கேளாத குழந்தை பிறக்கிறது. கர்ப்பத்தில் வந்த ருபெல்லா, குறைமாதப் பிரசவம், கடுமையான மஞ்சள்காமாலை, மூளைக்காய்ச்சல் என்று வேறு காரணங்கள் பல உண்டு. இந்தப் பேச்சு கடைசியில் தாயின் தலையில்தான் வந்து விழுகிறது என்பதும், குற்றம் சாட்டப்பட்ட தாய் அடுத்த மருத்துவமனைக்குப் போகத் தயங்குகிறாள் என்பதும்தான் இதில் நான் கவலைப்படும் விஷயம். மரபியலைத் தமிழில் நிதானமாக விளக்கும் பத்து நிமிட வீடியோ ஒன்று வீட்டுக்குள் இந்தப் பழியைத் தணிக்க முடியும்.

கண்டறிந்தபின் நடப்பதில் தமிழ்நாட்டுக்குப் பெருமைப்பட இடமுண்டு. காக்ளியர் இம்ப்ளான்ட் என்னும் உள்செவிக் கருவியை 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாகப் பொருத்துகிறார்கள். லட்சக்கணக்கில் செலவாகும் சிகிச்சை கூலித் தொழிலாளியின் வீட்டுக்கும் கிடைப்பது சாதாரணக் காரியமல்ல. ஆனால் கருவியை முதன்முதலில் இயக்கும்போது குழந்தை திடுக்கிட்டு அழுவதையும் தாய் கண் கலங்குவதையும் காட்டும் வீடியோக்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. அந்த நாளில் குழந்தைக்கு ஏதோ ஒலி விழத் தொடங்குகிறது, அவ்வளவே. அந்த ஒலி ‘வா’ என்றும் ‘சோறு’ என்றும் பிரிந்து பொருள்பட மாதங்கள், சில குழந்தைகளுக்கு ஆண்டுகள் ஆகும். பயிற்சி நின்றுபோனால் கருவி தலையில் இருந்தும் பயனில்லை. ஆபரேஷன் முடிந்தால் பேசிவிடுவான் என்று நம்பி வந்த குடும்பம் ஆறு மாதத்தில் சோர்ந்துபோவதற்கு அந்த வீடியோக்களுக்கும் பங்குண்டு.

இணையம் மிகவும் தேவைப்படும் இடம் இதுதான். மிகக் குறைவாக வந்து சேர்ந்திருக்கும் இடமும் இதுதான். அன்றாடம் தாய் செய்ய வேண்டியவை சின்னச் சின்ன வேலைகள். காலையில் கருவியை மாட்டியதும் வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளைத் தனித்தனியே சொல்லி, குழந்தை ஒவ்வொன்றுக்கும் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். டேனியல் லிங் என்ற அறிஞர் வகுத்த சோதனை இது. தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலிவரை பேச்சின் வீச்சு முழுவதையும் இந்த ஆறும் தொட்டுவிடும். நேற்று ‘ஸ்’ கேட்டது, இன்று கேட்கவில்லை என்றால் பேட்டரியோ, கம்பியோ, வியர்வை புகுந்த மைக்கோ ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது. காது மெஷின் என்றால் காதுக்குள் பொருந்தும் அச்சு சிறிதாகிவிட்டதா என்றும் பார்க்க வேண்டும். குழந்தை வளர வளரக் காதும் வளர்கிறது, பழைய அச்சு தளர்ந்து விசில் அடிக்கும். சித்திரை வெயிலில் முந்திரிக்கொட்டை பொறுக்கப் போகும் இடத்துக்கும் குழந்தை கூட வருமென்றால் வியர்வையிலிருந்து கருவியைக் காப்பது தனிப் பாடம். இந்த வழிகாட்டுதல் ஆங்கிலத்தில் வண்டி வண்டியாகக் கிடைக்கிறது. தமிழில், அதுவும் ஆண்டிமடத்துத் தாய் வீட்டில் பேசுகிற தமிழில், ஒன்றிரண்டு நிமிடத் துண்டுகளாக, வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடியதாகத் தேடினால் அரிதாகவே அகப்படும்.

அடுத்த தவறு குழந்தையையே கைபேசி முன் உட்காரவைப்பது. ‘காது கேளாத குழந்தைகளுக்கான பாடல்’ என்று போட்டால் வண்ணப் படங்கள் ஓடும், குழந்தையும் அமைதியாக இருக்கும். 2003-இல் பாட்ரிசியா குல் செய்த சோதனை இங்கே நினைவுக்கு வர வேண்டும். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியில் நேருக்கு நேர் கதை சொன்னபோது அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே பேச்சை வீடியோவாகக் காட்டியபோது எதுவுமே கற்கவில்லை. அவை நன்றாகக் கேட்கும் குழந்தைகள். கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியிலிருந்து வரும் குரலைக் கருவி வழியாகக் கேட்கிற குழந்தைக்கு இன்னும் என்ன மிஞ்சும்? எனவே முதல் மூன்று ஆண்டுக்கான இணையப் பாடம் பெற்றோருக்கானது. அவர்கள் பார்த்துவிட்டு, கைபேசியை வைத்துவிட்டு, குழந்தையிடம் திரும்ப வேண்டும்.

இது புதிய எண்ணமும் அல்ல. ஹாலிவுட் நடிகர் ஸ்பென்சர் டிரேசியின் மகன் ஜான் பிறவியிலேயே காது கேளாதவர். தாய் லூயிஸ் டிரேசி 1942-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு மையம் தொடங்கினார். அடுத்த ஆண்டிலிருந்து பெற்றோருக்கு அஞ்சல்வழிப் பாடம் இலவசமாகப் போகத் தொடங்கியது. வீட்டில் செய்தவற்றைப் பெற்றோர் எழுதி அனுப்புவார்கள், மையத்திலிருந்து அந்தக் குழந்தையைப் பற்றியே பதில் வரும், பிறகு அடுத்த பாடம். உலகின் பல மூலைகளுக்கும் பல மொழிகளில் அது போனது. இன்றைய வீடியோ மலைகளில் இல்லாதது அந்தப் பதில் கடிதம்தான். சென்னையில் 1969-இல் தொடங்கிய பாலவித்யாலயா பள்ளியும் இதே கொள்கையில் நிற்கிறது: சின்னஞ்சிறு குழந்தைகளைச் சேர்த்துக்கொள்கிறது, குழந்தையோடு தாயும் வகுப்பில் உட்கார வேண்டும். மைசூரில் 1965-இல் நிறுவப்பட்ட அகில இந்தியப் பேச்சு, கேட்பு நிறுவனம் தொலைவழிப் பயிற்சி அளிக்கிறது. சிகிச்சையாளர் வீடியோ அழைப்பில் தாயைப் பார்த்து, ‘இப்ப நீங்க சொல்லுங்க, அவன் முகத்தை நான் பார்க்கிறேன்’ என்று சொல்லும் முறை ஆண்டிமடத்துக்குத் தோதானது. திருச்சிக்கு வாரம் ஒருமுறை பஸ் ஏறுவதற்குப் பதில் மாதம் ஒருமுறை போனால் போதும் என்றால் பயிற்சியை நிறுத்திவிடுகிறவர்கள் பாதியாகக் குறைவார்கள் என்பது என் ஊகம்.

ஆனால் அந்த வீட்டில் கைபேசி யாரிடம் இருக்கிறது? நல்ல கைபேசி பெரும்பாலும் அப்பாவிடம். அவர் காலையில் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவார். சிலர் வெளிநாட்டிலேயே இருக்கிறார்கள். சிகிச்சையாளரின் நேரம் பத்து மணி முதல் ஐந்து மணி. திட்டம் வகுக்கிறவர்கள் ‘இணைய வசதி உள்ள குடும்பங்கள்’ என்று எண்ணும்போது இந்தக் குடும்பமும் அதில் சேர்ந்துவிடுகிறது.

கருவி, பேச்சுப் பயிற்சி என்று இதுவரை சொன்னதெல்லாம் ஒரு கரை. மறுகரையில் சைகை மொழி. இரண்டுக்கும் இடையிலான சண்டை பழையது. 1880-இல் மிலானில் கூடிய கல்வியாளர் மாநாடு, காது கேளாதோர் பள்ளிகளில் பேச்சுவழிக் கல்வியே உயர்ந்தது என்று தீர்மானித்துச் சைகையை ஒதுக்கியது. 2010-இல் வான்கூவரில் கூடிய அதே மாநாடு அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. இடையில் 130 ஆண்டுகள், எத்தனையோ தலைமுறைக் குழந்தைகள். அந்தச் சண்டையை இன்று யூடியூப் நேரே பெற்றோர் கைக்குக் கொண்டுவந்து கொடுக்கிறது. ஒரு வீடியோவில் சைகை காட்டினால் குழந்தை பேசவே பேசாது என்கிறார் ஒருவர். அடுத்ததில் கருவி பொருத்துவதே குழந்தையின் அடையாளத்தை அழிப்பது என்கிறார் இன்னொருவர். ஒரு நல்ல மருத்துவரையும் ஒரு காது கேளாத பெரியவரையும் ஒரே அறையில் சந்திக்க வாய்ப்பில்லாத குடும்பம் எதை நம்பும்?

என் நிலைப்பாடு இது: பெரா முடிவு வந்த வாரத்திலிருந்தே கை பேசத் தொடங்கட்டும்; மெஷின் வந்ததும் வாயும் சேர்ந்துகொள்ளட்டும். சைகையால் பேச்சு கெடும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. மொழியே இல்லாமல் போகும் முதல் ஐந்து ஆண்டுகளால் வரும் கேட்டுக்குச் சான்று நிறையவே இருக்கிறது. காது கேளாத குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள் என்பதால், சைகை மொழியைக் குழந்தைக்கு முன் தாயும் தகப்பனும் கற்க வேண்டியிருக்கிறது.

அதற்கான வளங்கள் கடந்த பத்தாண்டில் நன்றாகவே வளர்ந்தன. 2015-இல் டெல்லியில் அமைந்த இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2018-இல் 3,000 சொற்களோடு அகராதி வெளியிட்டது. 2019-இல் அது 6,000, 2021-இல் 10,000. எல்லாம் வீடியோவாக, இலவசமாக. 2022-இல் ‘சைன் லேர்ன்’ செயலி வந்தது. பாடநூல்களைச் சைகையில் ஆக்க 2020 அக்டோபரில் என்சிஇஆர்டி-யோடு ஒப்பந்தம். 2024 டிசம்பர் 6 அன்று சைகை மொழிக்கென்றே பிஎம் இ-வித்யா 31-ஆம் அலைவரிசை தொடங்கியது. கட்டணமில்லாத டிஷ்ஷிலும் யூடியூபிலும் பார்க்கலாம். பதினைந்து ஆண்டுக்கு முன் இதில் எதையும் எதிர்பார்த்திருக்க முடியாது.

குறை எங்கே? என்சிஇஆர்டி பாடம் ஆண்டிமடத்து அரசுப் பள்ளிப் பிள்ளையின் பாடம் அல்ல. அவன் கையில் இருப்பது தமிழ்நாட்டுப் பாடநூல். 2018 முதல் வந்த அந்த நூல்களில் பக்கத்துக்குப் பக்கம் கியூஆர் குறியீடு உண்டு. கைபேசியைக் காட்டினால் விளக்க வீடியோ விரியும். அவற்றில் பெரும்பாலானவற்றில் பாடத்தைச் சொல்வது பின்னணிக் குரல்தான். காது கேளாத பிள்ளை பார்ப்பது, சத்தமின்றி நகரும் படங்களை. அகராதியின் வாசலும் ஆங்கிலமும் இந்தியுமாகவே தொடங்கியது. மற்ற மொழிகள் பிறகே வந்தன. அகராதிச் சைகைக்கும் தமிழ்நாட்டுப் பள்ளி விடுதிகளில் தலைமுறைகளாகப் புழங்கும் சைகைக்கும் அங்கங்கே வேறுபாடும் இருக்கிறது. இலக்கணம் நாடு முழுதும் பெரும்பாலும் ஒன்றே, சொற்களில் வட்டார வழக்கு உண்டு என்று 1970-களின் பிற்பகுதியில் தொடங்கிய ஆய்வுகளே காட்டின. எனவே இது தீர்க்க முடியாத சிக்கல் அல்ல. மதுரைத் தமிழும் கோவைத் தமிழும் போலத்தான். ஆனால் நம் பக்கத்துச் சைகையைப் பதிவு செய்துவைக்காமல் பத்தாயிரம் சொல்லை மேலிருந்து இறக்கினால், வீட்டில் கற்றது ஒன்று, சிறப்புப் பள்ளியில் பெரிய பிள்ளைகள் காட்டுவது இன்னொன்று என்றாகும்.

எழுத்துத் தமிழில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. நாம் பேசுவது ஒரு தமிழ், எழுதுவது வேறு தமிழ். கேட்கும் குழந்தை ‘போனாங்க’ என்பதை ஆயிரம் முறை கேட்டபிறகு பள்ளியில் ‘சென்றார்கள்’ என்று படிக்கிறது. பாலம் தானாகவே அமைந்துவிடுகிறது. காது கேளாத குழந்தைக்கு உதட்டில் தெரிவது ஒன்று, புத்தகத்தில் இருப்பது வேறொன்று. இரண்டும் ஒரே செய்திதான் என்று யாராவது உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். பேச்சை எழுத்தாக்கிக் காட்டும் கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி 2019 முதல் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழும் அதில் உண்டு. செய்தி வாசிப்பது போலப் பேசினால் ஓரளவு பிடிக்கும். வகுப்பில் ஆசிரியர் இயல்பாகப் பேசினால் தடுமாறும். படிக்கத் தெரிந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தத் தடுமாற்றத்தோடும் அது உதவும். முதல் வகுப்புப் பிள்ளைக்கு உதவாது.

தமிழ்நாட்டுப் பள்ளித் தேர்வுகளில் காது கேளாத மாணவர்களுக்கு ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு உண்டு. கருணையோடு கொடுத்த சலுகைதான். தேர்ச்சி விகிதமும் உயர்ந்திருக்கும். பெரும்பாலும் விடுபடுவது ஆங்கிலம். இணையத்தில் காது கேளாதவர்களுக்கு உகந்த வளங்களில் மிகச் சிறந்தவை, வரிவடிவோடு வரும் அறிவியல் வீடியோக்கள் முதல் அமெரிக்காவின் கல்லூடட் பல்கலைக்கழகத்தின் வெளியீடுகள்வரை, ஆங்கிலத்தில் இருக்கின்றன. சலுகை அந்தக் கதவையும் சேர்த்தே சாத்திவிடுகிறது.

பாதி கேட்கிற பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இரு காதிலும் 70 டெசிபல் இழப்பு இருந்தால் காது கேளாதவர், 60 முதல் 70 வரை கேட்புக்குறை உள்ளவர். 45 டெசிபல் இழப்போடு, காதில் சீழ் வடிந்துகொண்டு மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குச் சான்றிதழ் இல்லை, உதவித்தொகை இல்லை, ‘கவனமில்லாதவன்’ என்ற பட்டம் மட்டும் உண்டு. அவனுக்கு எந்தச் செயலியும் தேவையில்லை. காது மருத்துவரும், முன் பெஞ்சும், பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் பிள்ளைகளைப் பார்த்துப் பேசும் ஆசிரியரும் போதும்.

மற்றப் பிள்ளைகளுக்கு, இணையத்துக்கும் வீட்டுக்கும் இடையில் ஒரு மனிதர் தேவை. ஒன்றியத்துக்கு ஒரு வட்டார வள மையம் இருக்கிறது. ஊரில் பிஆர்சி என்பார்கள். அங்கே சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். பார்வை, அறிவுத்திறன், உடலியக்கம், கேட்பு என்று எல்லாக் குறைகளும் உள்ள பிள்ளைகளுக்கும் அவர்களே. பள்ளிக்குப் பள்ளி, வீட்டுக்கு வீடு அலைகிறார்கள். டிரேசி மையத்தின் அந்தப் பதில் கடிதத்தை இன்று எழுதக்கூடியவர்கள் அவர்கள்தான். தாய் குழந்தையோடு பேசும் ஒரு நிமிட வீடியோவை அனுப்பினால், பார்த்துவிட்டு ‘இன்னும் பக்கத்தில் போங்க, கேள்வியை விட்டுட்டுச் சொல்லிக்கிட்டே செய்யுங்க’ என்று குரலில் பதில் அனுப்புவதற்குப் பெரிய தொழில்நுட்பம் வேண்டாம். அந்த வேலையை வேலையாக எண்ணி அதற்கு நேரம் ஒதுக்கும் உத்தரவு வேண்டும்.

கியூஆர் வீடியோக்களுக்கு வரிவடிவம் சேர்ப்பது இன்னும் எளிது. எழுதிவைத்த பாடத்தைப் பார்த்துத்தான் குரல் பதிவு செய்கிறார்கள். அந்த எழுத்தையே திரையின் அடியில் ஓடவிடலாம். மூலையில் சைகை மொழிபெயர்ப்பாளரைச் சேர்ப்பதற்குச் செலவும் ஆளும் கூடுதலாகத் தேவை, ஆனால் அறிவியல், கணக்கு இரண்டிலாவது தொடங்கலாம்.

ஆளுக்கும் பஞ்சமில்லை. சிறப்புப் பள்ளிகளில் படித்து முடித்து, தையல் கடையிலும் அச்சகத்திலும் கணினி மையத்திலும் வேலை பார்க்கும் காது கேளாத இளைஞர்கள் இந்த மாவட்டங்களில் இருக்கிறார்கள். வீடியோ அழைப்பில் சைகையில் பேசி நாள்தோறும் இணையத்தை நன்றாகவே பயன்படுத்துகிறவர்கள். கேட்கும் பெற்றோரில் பலர் தங்கள் பிள்ளை பெரியவனானால் எப்படி இருப்பான் என்று ஒருவரைக்கூடக் கண்டதில்லை. மாதம் இரண்டு சனிக்கிழமை ஆண்டிமடம் வள மையத்தில் அப்படி ஒருவர் வந்து உட்கார்ந்து, 31-ஆம் அலைவரிசைப் பாடத்தையும் அகராதி வீடியோவையும் குடும்பங்களோடு பார்த்து, ‘இதை நம்ம பக்கம் இப்படிக் காட்டுவோம்’ என்று கையில் காட்டிக்கொடுத்தால், டெல்லியில் எடுத்த வீடியோ அந்தக் குடும்பங்களுக்குப் பயன்படத் தொடங்கும். வருகிறவருக்கு ஊதியமும் பயணப்படியும் கொடுக்க வேண்டும். தொண்டாகச் செய்யச் சொல்லிக் கேட்கக் கூடாது.